தன் கையெழுத்துக்குத் தானே சாட்சி: பிரவுசர் சான்றிதழ்களின் கதை

மதுரையில் மாட்டுத்தாவணி என்றால் இப்போது எல்லாருக்கும் நினைவுக்கு வருவது பஸ் ஸ்டாண்டுதான். 1999-ல் அது திறந்தபிறகு பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட், ஆம்னி பஸ் நிலையம் என்று அந்தப் பக்கமே மாறிவிட்டது. கொஞ்சம் தள்ளி மேலூர் ரோட்டில் 2004-ல் உயர் நீதிமன்றக் கிளையும் வந்துவிட்டது. ஆனால் ஊரின் பெயரில் இன்னும் மாடு நிற்கிறது. இந்தத் தாவணி பெண்கள் உடுத்தும் தாவணி அல்ல. மாடுகளை வரிசையாகக் கட்டிவைக்கும் நீளமான கயிற்றுக்குத் தாவணி என்று பெயர். அதிலிருந்து மாட்டுச் சந்தைக்கும் அதே பெயர் வந்தது.

மாட்டுச் சந்தையில் ஒரு ஆள் முக்கியம். தரகர். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவாரே, அவர்தான். விற்பவரை வாங்குபவருக்குத் தெரியாது, வாங்குபவரை விற்பவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் தரகரைத் தெரியும். "பல்லைப் பார்த்தாச்சு, சுழி சரியா இருக்கு" என்று தரகர் சொன்னால் வியாபாரம் முடிந்தது. விற்பவரே "என் மாடு நல்ல மாடு" என்று ஆயிரம் முறை சொன்னாலும் அதற்கு மதிப்பு இல்லை. தன் மாட்டுக்குத் தானே சாட்சி சொல்ல முடியுமா?

இணையத்தில் பூட்டுப் படம் போட்ட ஒவ்வொரு தளத்தின் பின்னாலும் நடப்பது இதே கதைதான். அங்கேயும் தரகர்கள் உண்டு, தன் மாட்டுக்குத் தானே சாட்சி சொல்பவர்களும் உண்டு. அந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அவ்வளவு பெருமையான பங்கு என்று சொல்ல முடியாது.

ஒரு மாணவரின் யோசனை

1976-ல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் பொதுத் திறவுகோல் என்ற யோசனையை வெளியிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். ஒன்றை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம், இன்னொன்றை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும். பொதுச் சாவியால் பூட்டியதை ரகசியச் சாவியால் மட்டும்தான் திறக்க முடியும். 1977-ல் ஆர்எஸ்ஏ முறை வந்ததும் இதைச் செய்துகாட்டவும் முடிந்தது.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. "இதுதான் பாங்கின் பொதுச் சாவி" என்று ஒருவர் நீட்டினால் அது பாங்கின் சாவிதானா என்று எப்படித் தெரியும்? டெலிபோன் டைரக்டரி மாதிரி எல்லாச் சாவிகளையும் ஒரே இடத்தில் வைக்கலாம் என்றார்கள் முன்னவர்கள். அப்படியானால் ஒவ்வொரு முறையும் அந்த டைரக்டரியைப் போய்க் கேட்க வேண்டும்.

இதற்கு 1978-ல் வழி சொன்னவர் லோரன் கோன்ஃபெல்டர். அவர் பேராசிரியர் இல்லை. எம்ஐடியில் இளநிலைப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்! தன் பட்டப்படிப்பு ஆய்வேட்டில் அவர் எழுதியது சுருக்கமாக இதுதான்: பெயரையும் சாவியையும் ஒரு தாளில் எழுதி, எல்லாரும் நம்பும் ஒருவர் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும். அதன்பிறகு டைரக்டரியைக் கேட்கவே வேண்டாம், தாளைக் காட்டினால் போதும். அந்தத் தாளுக்கு அவர் வைத்த பெயர்தான் சான்றிதழ், அதாவது சர்டிபிகேட். 1988-ல் எக்ஸ்.509 என்ற பெயரில் அதற்கு ஒரு உலகத் தரம் வந்தது. இன்றும் பிரவுசர்கள் பயன்படுத்துவது அதன் வழித்தோன்றலைத்தான்.

1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு முறையைத் தன் பிரவுசரில் கொண்டுவந்தது. அதே ஆண்டு வெரிசைன் என்ற நிறுவனம் தொடங்கியது. அதன் தொழிலே தரகு. "இந்தத் தளம் இன்னாருடையதுதான்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது, அதற்குக் காசு வாங்குவது. தென்னாப்பிரிக்காவில் மார்க் ஷட்டில்வொர்த் நடத்திய தாட் நிறுவனமும் இதே தொழிலில் இருந்தது. 1999-ல் அதை வெரிசைன் 575 மில்லியன் டாலருக்கு வாங்கியது. ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள். அந்தப் பணத்தில்தான் ஷட்டில்வொர்த் பின்னால் உபுண்டுவைத் தொடங்கினார்.

வீட்டில் செய்த சான்றிதழ்

தரகுக் கூலி கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? கல்லூரி லேபில் ஒரு சர்வர் ஓடுகிறது. சின்ன ஆபீசில் ஒரு மெயில் சர்வர் இருக்கிறது. அதற்கெல்லாம் ஆண்டுக்குச் சில நூறு டாலர் யார் கொடுப்பது? 1998-ல் தொடங்கிய ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளில் ஒரே ஒரு வரி கட்டளை கொடுத்தால் சான்றிதழ் தயார். பெயர், சாவி, காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். கையெழுத்தும் இருக்கும். ஆனால் கையெழுத்துப் போட்டவர் சான்றிதழுக்கு உரியவரேதான். கேஷியரே கேஷ் புக்கைத் தணிக்கை செய்து "சரியாக உள்ளது" என்று எழுதிக்கொள்வது மாதிரி.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. இப்படிச் செய்த சான்றிதழில் பூட்டு மட்டமானது இல்லை. கணக்கு ஒன்றுதான், வலிமையும் ஒன்றுதான். வழியில் ஒட்டுக்கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. பிரச்சினை எல்லாம் அந்தப் பக்கம் இருப்பது யார் என்பதில்தான். நல்ல பூட்டுப் போட்டுத் திருடனிடமே பெட்டியைக் கொடுத்துவிட்டால் பூட்டு என்ன செய்யும்?

இன்னொரு வேடிக்கை. வெரிசைன் போன்ற பெரிய தரகர்களின் தலைச் சான்றிதழை, அதாவது ரூட் சான்றிதழைத் திறந்து பார்த்தால் அதிலும் "வழங்கியவர்", "உரியவர்" இரண்டு இடத்திலும் ஒரே பெயர்தான் இருக்கும். அதுவும் தானே செய்துகொண்டதுதான்! சங்கிலி எங்கேயாவது முடிய வேண்டுமே. வித்தியாசம் ஒன்றே ஒன்று. பெரியவர்களுடைய சான்றிதழ் பிரவுசரோடோ விண்டோஸோடோ கூடவே வருகிறது. மற்றவர்களுடையதை நாமாக ஏற்ற வேண்டும். அந்தப் பட்டியலில் யார் இருக்கலாம் என்று முடிவு செய்வது மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், கூகுள், மொசில்லா ஆகிய நான்கு பேர்தான்.

ஆரம்ப காலத்தில் இதற்கு எச்சரிக்கையாக ஒரு சின்னப் பெட்டி வரும். "யெஸ்", "நோ" என்று இரண்டு பட்டன். பிரவுசிங் சென்டர் காலத்தில் எல்லாரும் யெஸ்தான். 2006-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 பக்கம் முழுவதையும் மறைத்து எச்சரித்தது. 2008 ஜூனில் வந்த பயர்பாக்ஸ் 3 இன்னும் கடுமை. விதிவிலக்குச் சேர்க்க நாலு கிளிக் செய்ய வேண்டியிருந்தது. சின்னத் தளம் நடத்துபவர்கள் கடுப்பானார்கள். "பூட்டே இல்லாத தளத்தை ஒன்றும் சொல்லாமல் விடுகிறாய், பூட்டுப் போட்டவனை மட்டும் திருடன் மாதிரி காட்டுகிறாயே" என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்திய அரசு தரகர் ஆனது

நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-ல் அமலுக்கு வந்தது. மின்னணுக் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்புக் கிடைத்தது. யார் யார் சான்றிதழ் வழங்கலாம் என்று லைசென்ஸ் கொடுக்கச் சிசிஏ என்ற கட்டுப்பாட்டாளர் பதவியும் உருவானது. அவர் கையில் நாட்டின் ரூட் சான்றிதழ். அவருக்குக் கீழே லைசென்ஸ் பெற்ற நிறுவனங்கள். முதலில் லைசென்ஸ் வாங்கியது சென்னை சிஃபியின் சேஃப்ஸ்கிரிப்ட், 2002-ல். பிறகு என்ஐசி, டிசிஎஸ், ஐதராபாத்தின் ஐடிஆர்பிடி என்று பலர் வந்தார்கள். குஜராத்தில் உரம் தயாரிக்கும் ஜிஎன்எஃப்சி கூட என்கோட் என்ற பெயரில் இந்தத் தொழிலுக்கு வந்தது!

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது அந்நியமான விஷயமே இல்லை. 2006-ல் எம்சிஏ21 வந்தபிறகு கம்பெனிப் படிவங்கள் எல்லாம் டிஜிட்டல் கையொப்பத்தோடுதான் போகின்றன. ஆடிட்டர் ஆபீஸ்களில் டிராயர் நிறைய யூஎஸ்பி டோக்கன்கள் கிடப்பதற்கு அதுதான் காரணம்.

கையொப்பத்துக்கு இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்தது. தளங்களுக்குத்தான் சிக்கல். சிசிஏவின் ரூட் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இடம்பிடித்தது, மொசில்லாவின் பட்டியலில் இல்லை. அதனால் என்ஐசி சான்றிதழ் வைத்திருந்த அரசுத் தளம் ஒன்று விண்டோஸின் எக்ஸ்ப்ளோரரில் ஒழுங்காகத் திறக்கும், பயர்பாக்ஸில் எச்சரிக்கை வரும். அதே தளம், அதே சான்றிதழ்! தீர்வு? சிசிஏவின் ரூட் சான்றிதழை இறக்கிப் பிரவுசரில் நாமே ஏற்றிக்கொள்வதுதான். சட்டப்படி நாட்டின் தலைச் சான்றிதழ், பயர்பாக்ஸின் பார்வையில் வீட்டில் செய்த சான்றிதழ்.

2014: மேலேயே ஓட்டை

மொசில்லா கெடுபிடி செய்தது நல்லதாகப் போயிற்று என்று சொல்லவேண்டிய நாளும் வந்தது. 2014 ஜூலை 2-ஆம் தேதி, கூகுள் தளங்களின் பெயரில் அனுமதி இல்லாத சான்றிதழ்கள் உலவுவதைக் கூகுள் கண்டுபிடித்தது. வழங்கியது நம் என்ஐசி. மறுநாளே சிசிஏ, என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. என்ஐசியின் வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், நான்கு சான்றிதழ்கள்தான் தவறாகப் போயின, மூன்று கூகுள் பெயரில், ஒன்று யாஹூ பெயரில் என்பது விசாரணையில் சிசிஏ சொன்ன விவரம். ஆனால் அந்த நான்கில் இல்லாத வேறு சான்றிதழ்களையும் தாங்கள் பார்த்திருப்பதாகக் கூகுள் பதில் சொன்னது.

ஜூலை 8-ல் கூகுளின் ஆடம் லாங்லி இதைப் பொதுவில் எழுதினார். அதன்பிறகு இந்திய ரூட்டின் கீழ் வரும் சான்றிதழ்களைச் சில பெயர்களுக்கு மட்டும்தான் ஏற்கும்படி குரோம் மாற்றப்பட்டது. அரசுத் தளங்கள், ரிசர்வ் வங்கி போன்ற ஏழே ஏழு முகவரிப் பிரிவுகள். ஜூலை 10-ல் மைக்ரோசாஃப்டும் 45 சான்றிதழ்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. பயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் பயனர்களுக்கு இதில் ஒரு பாதிப்பும் இல்லை, ஏனென்றால் அந்த ரூட் அங்கே இல்லவே இல்லை. பாதிப்பு விண்டோஸுக்கு மட்டும். அதோடு, வேலை நடக்க வேண்டுமே என்று அரசின் ரூட்டைக் கையால் ஏற்றிக்கொண்ட பயர்பாக்ஸ்காரர்களுக்கும் அந்தக் கதவு திறந்துதான் இருந்தது.

நாலு சான்றிதழ்தானே என்று தோன்றலாம். 2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் 500-க்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களைச் செய்தார்கள். அவற்றில் ஒன்றை வைத்து ஈரானில் லட்சக்கணக்கானவர்களின் ஜிமெயில் ஒட்டுக்கேட்கப்பட்டது. அடுத்த மாதமே டிஜிநோட்டார் திவால். ஒரு பொய்ச் சான்றிதழால் எத்தனை வீட்டுக் கதவைத் திறக்க முடியும் என்பதற்கு அது உதாரணம்.

கல்லூரி வாசலில் ஒரு பெட்டி

இந்தியா சம்பந்தப்பட்ட இன்னொரு சம்பவம் அதற்கும் முன்னால் நடந்தது. அகமதாபாத்தின் எலிட்கோர் நிறுவனம் தயாரித்த சைபரோம் என்ற ஃபயர்வால் பெட்டியை இந்தியக் கல்லூரிகளில் படித்த பலருக்கும் தெரியும். ஹாஸ்டலில் நெட் வேண்டுமென்றால் முதலில் அதன் லாகின் பக்கத்தைக் கடக்க வேண்டும்.

இந்தப் பெட்டிகளில் ஒரு வசதி இருந்தது. பூட்டுப் போட்ட தளங்களையும் திறந்து உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கலாம். எப்படி? பெட்டி நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தளத்துக்கும் தானே ஒரு சான்றிதழ் செய்து பிரவுசரிடம் நீட்டும். பிரவுசர் அலறும். அலறாமல் இருக்கப் பெட்டியின் ரூட் சான்றிதழை எல்லாக் கணினிகளிலும் ஏற்றிவிடச் சொல்வார்கள். ஆபீஸ் கணினியில் ஆபீஸ் சொத்தைப் பாதுகாக்க இப்படிச் செய்வது உலகம் முழுக்க உள்ள நடைமுறைதான்.

2012 ஜூலையில் டோர் திட்டத்தைச் சேர்ந்த ரூனா சாண்ட்விக்கும் பென் லாரியும் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். ஜோர்டானில் ஒரு பயனருக்கு டோர் தளத்தின் பெயரில் பொய்ச் சான்றிதழ் வந்ததைத் துருவிப் பார்த்தபோது, எல்லாச் சைபரோம் பெட்டிகளிலும் ஒரே ரூட் சான்றிதழ், ஒரே ரகசியச் சாவி இருப்பது தெரிந்தது. இதன் பொருள் என்ன? ஒரு கல்லூரி சொன்னதற்காக ஒரு மாணவர் தன் லேப்டாப்பில் அந்தச் சான்றிதழை ஏற்றிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லீவுக்கு ஊருக்கு வருகிறார். வேறு எங்கோ அதே மாதிரிப் பெட்டி வைத்திருக்கும் யாரும் அவருடைய பாங்க் பாஸ்வேர்டைப் படிக்கலாம். பிரவுசர் ஒரு வார்த்தை சொல்லாது. சாவியை வெளியே எடுக்க முடியாது என்று முதலில் நிறுவனம் சொன்னது. சில நாளிலேயே யாரோ அந்தச் சாவியை எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். அதன்பிறகுதான் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சாவி உருவாக்கும்படி அவசரத் திருத்தம் வந்தது. 2014-ல் சைபரோமை இங்கிலாந்தின் சோஃபோஸ் வாங்கியது.

2019-ல் கஜகஸ்தான் அரசு இதையே நாட்டளவில் செய்து பார்த்தது. அரசே செய்த ரூட் சான்றிதழை மக்கள் எல்லாரும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று செல்போன் நிறுவனங்கள் வழியாகச் செய்தி போனது. ஆகஸ்ட் 21 அன்று மொசில்லா, கூகுள், ஆப்பிள் மூன்றும் அந்தச் சான்றிதழை மட்டும் தடுத்துவிட்டன. பயனரே விரும்பி ஏற்றினாலும் செல்லாது!

ஒரு முகவரிக்கு மட்டுமா, உலகத்துக்கேவா?

எச்சரிக்கைப் பக்கத்தில் "பரவாயில்லை, உள்ளே போ" என்று அழுத்துவதும், ஒரு ரூட் சான்றிதழை ஏற்றுவதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது ஒரு தளத்துக்கு மட்டும் கொடுக்கும் விதிவிலக்கு. ஒரு வியாபாரிக்கு ஒரு செக் கொடுப்பது மாதிரி. இரண்டாவது, செக் புக் முழுவதிலும் கையெழுத்துப் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுவது. அவர் கூகுள் என்றாலும் பிரவுசர் நம்பும், ஸ்டேட் பாங்க் என்றாலும் நம்பும்.

முதலாவதில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, வேறு வடிவத்தில். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. டிஜிட்டல் கையொப்பம் போட எம்சைனர் என்ற மென்பொருளை நிறுவச் சொன்னார்கள். அது அந்தக் கணினிக்குள்ளேயே 127.0.0.1 என்ற முகவரியில் ஓடும் சின்ன சர்வர். அதன் சான்றிதழைப் பிரவுசருக்குத் தெரியாது. "சர்வருடன் தொடர்பு இல்லை" என்று பிழை வரும். அந்த முகவரியைத் திறந்து, அட்வான்ஸ்டு என்பதை அழுத்தி, "பாதுகாப்பற்றது" என்று எழுதியிருப்பதையும் தாண்டிப் போனால்தான் கையொப்பம் விழும். கடைசித் தேதி நெருங்கும்போது மதுரையிலிருந்து மணிப்பூர் வரை கணக்கு எழுதும் ஆபீஸ்கள் எல்லாவற்றிலும் இந்த வைத்தியம்தான்.

இதில் நேரடி ஆபத்துக் குறைவு. 127.0.0.1 என்றால் கணினி தன்னிடமே பேசிக்கொள்வது, வழியில் ஒட்டுக்கேட்க ஆள் கிடையாது. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே? "அந்தச் சிவப்புப் பக்கம் வந்தா அட்வான்ஸ்டு அழுத்திட்டுப் போயிருண்ணே" என்று ஆபீஸுக்குப் புதிதாக வரும் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாளைக்குப் பஸ் ஸ்டாண்டு இலவச வைஃபையில் பாங்க் பக்கத்தைத் திறக்கும்போதும் அவன் விரல் அதே இடத்துக்குத்தான் போகும்.

இப்போது எங்கே நிற்கிறது?

காசு இல்லாததால் தானே செய்துகொள்ளும் கட்டாயம் 2015 டிசம்பரோடு போனது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு அன்று முதல் இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. இன்று பொதுவில் இருக்கும் ஒரு தளம் தானே செய்த சான்றிதழோடு வந்தால் சந்தேகப்படலாம்.

தரகர்களையும் யாராவது தணிக்கை செய்ய வேண்டுமே? அதற்கும் வழி வந்தது. வழங்கும் ஒவ்வொரு சான்றிதழையும் பொதுப் பேரேட்டில் பதிய வேண்டும், பதிந்ததை அழிக்க முடியாது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். 2013-ல் இந்த முறையை எழுதியவர்களில் இருவர் யார் தெரியுமா? சைபரோம் ஓட்டையைச் சொன்ன பென் லாரியும், என்ஐசி விவகாரத்தை எழுதிய ஆடம் லாங்லியும்தான். 2018 ஏப்ரலுக்குப் பிறகு வழங்கிய சான்றிதழ்கள் பேரேட்டில் இல்லாவிட்டால் குரோம் ஏற்பதில்லை. திருட்டுத்தனமாக ஒரு சான்றிதழ் செய்தாலும் பதிவில் மாட்டிக்கொள்ளும்.

இந்திய அரசு தன் ரூட்டை விட்டுவிடவில்லை. 2023 ஆகஸ்டில் இந்திய வெப் பிரவுசர் உருவாக்கும் போட்டியை அறிவித்தது. மொத்தப் பரிசு 3.41 கோடி ரூபாய். முக்கிய நிபந்தனை, பிரவுசருக்குள் சிசிஏவின் ரூட் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பது. 2025 மார்ச்சில் முடிவு வந்தது. ஒரு கோடி ரூபாயோடு முதல் பரிசு பெற்றது நம் சோஹோ. வெளிநாட்டு நிறுவனங்கள் நான்கு சேர்ந்து நம் அரசின் கையெழுத்து செல்லுமா என்று தீர்மானிக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. 2014-ல் கோட்டை விட்டதை யார் தணிக்கை செய்வது என்ற கேள்வியும் அதே அளவு நியாயமானது. உள்நாட்டு ரூட் வேண்டும் என்பவர்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். ஆடிட்டர் சொந்த ஊர்க்காரர் என்பதற்காகக் கணக்கைப் பார்க்காமல் விடுவார்களா?

இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. பிரவுசர் செட்டிங்ஸில் சான்றிதழ்கள் பகுதியைத் திறந்து, நம்பகமான ரூட் பட்டியலில் பழைய ஹாஸ்டல், பழைய ஆபீஸ் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இப்போது தேவை இல்லை என்றால், எடுத்துவிடுங்கள். இனி யாராவது ஏற்றச் சொன்னால், சான்றிதழின் பிங்கர்பிரிண்ட் எண்ணைக் கொடுத்தவரிடமே நேரிலோ போனிலோ படிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். அது எந்தக் கணினிக்கு, எத்தனை நாளைக்கு என்றும் கேளுங்கள். சொந்த லேப்டாப் என்றால் மறுக்கவும் தயங்க வேண்டாம்.

சந்தையில் மாடு வாங்குபவர் தரகரை நம்பினாலும் ஒருமுறை தானே வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைக் கையில் வாங்குவார். அந்த ஒரு நிமிடம் இதற்கும் ஒதுக்கலாம்.